ஒரு கையெழுத்துப் போதும்

மாசி 3, வியாழன்

பொதிகுளத்துப் பெருமக்களே, தாய்மார்களே, தோழர்களே,

இவ்வாறு விளிக்காமல் எனக்கு எந்தச் சொல்லும் தொடங்குவதில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் மேடையில் நின்ற வாய் இது. ஏட்டில் எழுதும்போதும் எதிரே ஆயிரம் பேர் அமர்ந்திருப்பதாகவே எண்ணிக்கொள்கிறது. இன்று இந்த நாட்குறிப்பேடே என் அவை. அவைமுன் ஒரு குறையை வைக்கிறேன்.

ஒலிபெருக்கி மாணிக்கத்தைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவன் யாரையும் அடித்தவன் அல்லன். யார் பொருளையும் பறித்தவன் அல்லன். பாலமடைத் தெருவுக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த குடிநீர், மார்கழித் திங்களில் பத்தொன்பது நாளாகியும் வரவில்லை. பெண்கள் வெற்றுக் குடங்களோடு நகராட்சி வாயிலில் அமர்ந்தார்கள். அங்கிருந்த வேப்பமரத்தில் மாணிக்கம் ஒரே ஒரு கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, ஒலிவாங்கியை அவர்கள் கையில் கொடுத்தான். அதற்காக ஒரு வழக்கு. நீதிமன்றம் அவனைப் பிணையில் விட்டது. வெளியே வந்தவனைச் சிறை வாயிலிலேயே மறித்து, மாவட்ட ஆட்சியரின் ஆணை என்று ஒரு தாளைக் காட்டி மீண்டும் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். தடுப்புக் காவல். ஓராண்டு.

குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்ப்பிக்க வேண்டியதும் இல்லையாம். இனிமேல் இவன் பொது அமைதியைக் கெடுக்கக்கூடும் என்று ஒருவர் கருதினால் போதும். கருதுகிறவரே கையெழுத்திடுகிறவர்.

என் குரல் இம்மாவட்டத்தில் எட்டிய இடமெல்லாம் மாணிக்கத்தின் கருவி வழியாகவே எட்டியது. பாத்திரக்கடை வணிகர் கொலையுண்டபோது, மூன்றாண்டுக்கு முன், நாற்சந்தியில் நடந்த கண்டனக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. பதினோரு முறை கைதட்டல். கடைசிக் கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆயிற்று. நல்ல கூட்டம்.

கிணற்று மோட்டார் ஓடவில்லை. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

மாசி 5, சனி

மாணிக்கத்தின் மனைவி ரோசம்மாள் வந்தாள். திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை, ஆறாம் மாதம், வைகாசியில் பேறு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கையில் தலையணை பருமனுக்கு ஒரு தாள்கட்டு. ஆணைக்கான காரணங்களாம். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"அண்ணாச்சி, மூணு ஜட்ஜு உக்காந்து விசாரிப்பாவளாம். போர்டுங்காவ. அங்க வக்கீலு உள்ள வரப்படாதாம். ஃப்ரெண்டு ஒரு ஆளு கூட வந்து பேசலாமாம். வக்கீல்தான் சொன்னாரு."

நான் சட்டம் அறிந்தவன் அல்லன் என்றேன்.

"சட்டம் தெரிஞ்சவிய வரப்படாதுன்னுதான சொல்லுதாவ. எனக்கு நாலு வார்த்தை சேந்தாப்புல பேச வராது. அவிய உங்க மைக்குல பாதி ஆயுச கழிச்சிருக்காவ. நீங்க வந்தா பேச்சு எடுபடும்."

என் மனைவி செண்பகம் அவளுக்கு நீராகாரம் கொடுத்தாள். எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்று விடைகொடுத்தேன்.

அவள் தெருமுனை தாண்டியதும் செண்பகம் கேட்டாள்: "இதுல எண்ணிப் பாக்க என்ன இருக்கு?"

மோட்டார் ஆள் வரவில்லை.

மாசி 6, ஞாயிறு

தொண்டைக் கரகரப்பு. கற்பூரவல்லிச் சாறு.

மாசி 10, வியாழன்

காரணக் கட்டைப் படித்து முடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் கருத்துள்ளது ஒரே பக்கம், முப்பத்தேழாவது. அன்று ஒலிபெருக்கியில், "தண்ணீர் தராத நகராட்சியைக் கொளுத்துவோம்" என்று அறிவிப்புச் செய்யப்பட்டதாம்; செய்தவன் மாணிக்கமாம். மற்றப் பக்கங்களெல்லாம் முத்திரையும் படியும் படியின் படியும்.

முப்பத்தேழாம் பக்கத்தின் அடியில் கையெழுத்து: சுருக்கெழுத்துக் காவலர் இசக்கியப்பன்.

அவரை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகள் என் மேடைக்குக் கீழே மடக்கு நாற்காலியில் அமர்ந்து என் பேச்சைக் குறிப்பெடுத்தவர். என்மேல் வழக்குத் தொடுக்க ஏதேனும் சிக்குமா என்று பார்க்கக் காவல்துறை அனுப்பிய ஆள்தான். ஆயினும் என் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் பிடித்தவர் வேறு யாருமில்லை. அவருக்காகவே நான் நீண்ட தொடர்களை நிறுத்தி நிறுத்திச் சொல்வதுண்டு. ஒருமுறை கூட்டம் கலைந்த பிறகு மேடையின் பின்புறம் வந்து, "புலவர் ஐயா, 'இறையாண்மை'க்கு முன்னால என்ன சொன்னீய? லாரி ஒண்ணு போயிட்டு" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டு, "இதுக்கு கேஸ் வராது" என்று ஆறுதலும் சொல்லிப் போனார். மூன்று வாரம் முன்பு ஓய்வுபெற்றுவிட்டார்.

இத்தகைய கொடுங்கோன்மையை எதிர்த்து நான் வாழ்நாளெல்லாம் முழங்கியிருக்கிறேன் என்று காலையுணவின்போது செண்பகத்திடம் சொன்னேன்.

"எல்லாக் கூட்டத்துலயுமா?" என்றாள்.

என்ன பொருளில் கேட்கிறாய் என்றேன்.

"பாத்திரக்கடக்காரரு கூட்டத்துல நானும் முன்வரிசையில்தான் இருந்தேன்."

சட்னியில் உப்பு மிகுதி.

மாசி 14, திங்கள்

மத்திய சிறை. பேருந்தில் இரண்டரை மணி நேரம். வாயிலில் மூன்று மணி நேரம். மாணிக்கத்தோடு பதினைந்து நிமிடம்.

சந்திக்கும் கூடம் என்பது இரட்டைக் கம்பிவலை. வலைகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. அப்பக்கம் முப்பது பேர், இப்பக்கம் எழுபது பேர். அனைவரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். இருபதாயிரம் பேர் கூடிய திடலில் கடைசி வரிசைவரை கேட்ட என் குரல், மூன்றடி தொலைவில் நின்ற ஒருவனுக்குக் கேட்கவில்லை.

அவன் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் காட்டினான். "அண்ணாச்சி, கத்தாதீய. எல்லாரும் மேல கத்துதாவ. நீங்க கீழ்க் கட்டையில மெதுவாப் பேசுங்க, கேக்கும்."

அவ்வாறே பேசினேன். கேட்டது. முப்பத்து மூன்று ஆண்டில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரோசம்மாள் உண்கிறாளா, உறங்குகிறாளா என்று கேட்டான். கடையில் ஆம்ப்ளிஃபயர்களை வெயில் படாத சுவரோரம் நகர்த்தி வைக்கச் சொன்னான். அன்று அந்தச் சொற்களைக் கூறினாயா என்று கேட்டேன்.

"மைக்க நான் தொடவே இல்ல அண்ணாச்சி. பொம்பளைய பேசுனாவ. 'குடத்த எல்லாம் வரிசையா வைங்க'ன்னாவ. 'புள்ளைய வெயில்ல விடாதீய'ன்னாவ. அம்புட்டுதான். நாப்பத்து மூணு பேரு கேட்டுட்டுதான இருந்தாவ."

அந்த மூன்று நீதிபதிகளின் குழு முன்பு நான் வந்து பேசுவேன் என்று வாக்களித்தேன். அவன் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தான்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கிடாதீய. இங்க வந்த அன்னைக்கு நெனச்சேன். பாத்திரக்கட அண்ணாச்சி கூட்டத்துல நீங்க பேசுனீயல்லா, கடைசியா? அந்த எடத்துல நாந்தான் சத்தத்த ஏத்துனேன். நாலு ஹார்ன்லயும் கணீர்னு வந்துச்சு. நல்லா இருந்துச்சு அண்ணாச்சி, அன்னைக்கு."

மணி அடித்துவிட்டது.

திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தது. வழியெங்கும் சோளம் நன்றாக விளைந்திருக்கிறது.

மாசி 18, வெள்ளி

இசக்கியப்பன் வீட்டுக்குப் போனேன். ஊருக்கு மேற்கே புதிதாகக் கட்டிய சிறு வீடு. பூசு வேலை முடியவில்லை. சட்டையின்றிச் சுவருக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துப் போர்த்துக்கொண்டார்.

முப்பத்தேழாம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடி போடாமலே திருப்பிக் கொடுத்தார்.

"நான் அப்பிடி எழுதல ஐயா."

உங்கள் கையெழுத்து இருக்கிறதே என்றேன்.

"கையெழுத்து என்னதுதான். ரிட்டயர்மென்ட்டுக்குப் பன்னெண்டு நாளு இருந்துச்சு. டைப் அடிச்சுக் கொண்டாந்து மேசையில வச்சாவ. 'நோட்டுல இப்பிடி இல்லியே'ன்னேன். 'நோட்ட யாரு பாக்கா? பென்ஷன் பேப்பரும் இந்த மேசைக்குத்தான வரணும்'னாவ." ஈரச் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "போட்டேன்."

நீங்கள் எடுத்த குறிப்பு எங்கே என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளங்கையளவு ஏடுகள், ஆண்டுவாரியாகக் கயிற்றால் கட்டியவை. நான் அந்த ஏடுகளை மதிப்போடு பார்த்தேன். என் வாழ்நாளின் பெரும்பகுதி அந்தக் கோடுகளிலும் வளைவுகளிலும் கிடக்கிறது.

"அன்னைக்குள்ளத அப்பிடியே தமிழ்ல எழுதித் தாரேன். ஆனா ஒண்ணு, புலவர் ஐயா. தந்தா ரெண்டு தருவேன். ஒண்ணு மட்டும் தரமாட்டேன்."

இரண்டாவது எது?

"பாத்திரக்கட கூட்டம். நீங்க பேசுனது."

அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றேன். என் குரல் சற்று உயர்ந்துவிட்டது போலும். அண்டை வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது. நான் எழுதுதவன். இருபத்திரண்டு வருசம் வேண்டியது வேண்டாததுன்னு பிரிக்காம எழுதுனேன். ஒரு நாள் பிரிச்சேன், மாணிக்கம் உள்ள போயிட்டான். இனிமே பிரிக்கமாட்டேன்."

ஒரு மணி நேரம் காத்திருந்து இரண்டையும் வாங்கிவந்தேன்.

மாசி 19, சனி

வடகம் பிழிந்தோம். மொட்டை மாடியில் காக்கை ஓட்டும் வேலை என்னுடையது.

மாசி 24, வியாழன்

இசக்கியப்பன் எழுதித் தந்த முதல் தாளை நான்கு முறை படித்துவிட்டேன். "குடங்களை வரிசையாக வையுங்கள்." "பிள்ளைகளை வெயிலில் விடாதீர்கள்." "ஆணையர் வரும்வரை யாரும் எழுந்திருக்காதீர்கள்." "எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்." கொளுத்துவோம் என்ற சொல் எங்கும் இல்லை.

இரண்டாவது தாளை நான்காக மடித்து இந்த ஏட்டின் பின்னட்டையில் செருகியிருக்கிறேன். படிக்கவில்லை. என் பேச்சை எனக்கே யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை.

மோட்டார் ஓடுகிறது.

பங்குனி 8, வியாழன்

குழு இன்று கூடியது.

தலைநகரில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி. நீண்ட மேசைக்கு அப்பால் மூவர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி, வெள்ளை மீசை. இப்பால் நானும் மாணிக்கமும். கதவு சாத்தப்பட்டது. சுவரில் குளிரூட்டி இரைந்துகொண்டிருந்தது. மாணிக்கம் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "கீழ்க் கட்டை" என்றான்.

அவையோரே என்று தொடங்கினேன். தலைவர் கையை உயர்த்தி, "நேரம் குறைவு. செய்தியைச் சொல்லுங்கள்" என்றார்.

இசக்கியப்பனின் தாளை வைத்தேன். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"இவரே முன்பு வேறொன்றில் கையெழுத்திட்டிருக்கிறார். எதை நம்புவது? அவர் ஏன் வரவில்லை?"

அவர் அஞ்சுகிறார் என்றேன்.

"அன்று அங்கே இருந்தவர்கள் யாரேனும் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?"

இல்லை என்றேன். பாலமடைத் தெருவில் எவரும் கையெழுத்திட முன்வரவில்லை. அடுத்த தாளில் தங்கள் பெயர் வரும் என்று ஒவ்வொருத்தியும் அஞ்சுகிறாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கடுமையாகப் பேசவில்லை; அதுதான் இன்னும் உறுத்துகிறது. "புலவரே, ஒன்று கேட்கிறேன். இந்தச் சட்டமே கூடாது என்கிறீர்களா? அல்லது இவருக்கு மட்டும் கூடாது என்கிறீர்களா?"

பின்னட்டைத் தாள் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. ஏன் எடுத்துச் சென்றேன் என்று தெரியவில்லை.

"தக்கவர்மேல் பாய்ந்தால் எனக்கு மறுப்பில்லை. இவன் தக்கவன் அல்லன்" என்றேன்.

"தக்கவர் யார் என்று முடிவுசெய்யும் வேலையைத்தான் சட்டம் ஆட்சியரிடம் கொடுத்திருக்கிறது. அவர் முடிவுசெய்துவிட்டார்."

முடிவுரை சொல்லாமலே எழுந்தேன். முப்பத்து மூன்று ஆண்டில் முதல்முறை. மொத்தம் ஒன்பது நிமிடம்.

படிக்கட்டில் விலங்கு மாட்டும்போது மாணிக்கம் சொன்னான்: "நல்லாத்தான் பேசுனீய அண்ணாச்சி. அந்த ஏசி சத்தம்தான் கெடுத்துட்டு."

பங்குனி 23, வெள்ளி

ஆணை உறுதிசெய்யப்பட்டது. அடுத்த மாசிவரை.

பங்குனி 24, சனி

ரோசம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. செண்பகமும் உடன் வந்தாள். ரோசம்மாள் அழவில்லை. ஆம்ப்ளிஃபயர்களுக்குப் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே, "புள்ள பேரு வைக்கும்போது அவிய இருக்கமாட்டாவ, அப்பிடித்தான?" என்றாள். பிறகு, "ஏதோ ஒங்களால முடிஞ்சது செஞ்சீய" என்றாள்.

என்னால் முடிந்ததை நான் செய்யவில்லை.

பங்குனி 29, வியாழன்

இன்று இரண்டாவது தாளைப் பிரித்தேன். செண்பகம் எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்; என்ன தாள் என்று அவள் கேட்கவில்லை.

இசக்கியப்பன் ஒரு சொல்லையும் விடவில்லை. அடைப்புக்குறிக்குள் 'கைதட்டல்' என்பதையும் பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறார். பதினோராவது கைதட்டலுக்கு முன் நான் பேசியது:

"வழக்குமன்றம் எதற்கு? தவணைமேல் தவணை எதற்கு? இந்தக் கயவர்களுக்கு வழக்கறிஞர் எதற்கு? மாவட்ட ஆட்சியரே, உங்கள் ஒரு கையெழுத்துப் போதும். உள்ளே தள்ளுங்கள், ஓராண்டு கதவைத் திறவாதீர்கள்."

படித்து முடித்து, தாளைச் செண்பகத்திடம் கொடுத்தேன்.

"எனக்கெதுக்கு? மனப்பாடமா இருக்கு" என்றாள். கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "அன்னைக்கு நானும்தான் தட்டுனேன்" என்றாள்.

அந்தக் கூட்டத்துக்கு மறுவாரம் நால்வரைத் தடுப்புக் காவலில் வைத்தார்கள். அவர்களுள் ஒருவர், கொலை நடந்த நாளில் இந்த மாவட்டத்திலேயே இல்லை. கேரளத்தில் ரப்பர்த் தோட்டத்தில் வேலையில் இருந்தார். பதினோராம் மாதத்தில்தான் அது வெளிப்பட்டு, அவரை விடுதலை செய்தார்கள். அச்செய்தியை நான் நாளேட்டில் படித்தேன், பக்கத்தைத் திருப்பினேன். அவர் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை. இன்று விசாரித்துவரச் செண்பகத்தை அனுப்பினேன். சுடலைக்கண்ணு. விடுதலையான பின் ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

தலைவர் கேட்ட கேள்விக்கு விடை என் சட்டைப்பையில் இருந்தது.

சித்திரை 3, திங்கள்

வழக்கறிஞரைப் பார்த்தேன். உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம். ஆனால் வெறுங்கையோடு போனால் எடுபடாது, அன்று கேட்டவர்களின் உறுதிமொழிகள் வேண்டும் என்றார். கோடை விடுமுறைக்கு நீதிமன்றம் மூடப்போகிறது. அதற்குமுன் மனு போகவில்லையென்றால் வைகாசிக்குள் எதுவும் நடவாது.

அங்கிருந்து நேரே இசக்கியப்பன் வீடு. சுவர் காய்ந்திருந்தது.

பொதுக்கூட்டம் போடப்போகிறேன், மாணிக்கத்துக்காக, என்றேன்.

"யாரு வருவா? வந்தாலும் யாரு கையெழுத்துப் போடுவா?"

நீங்கள் போடுவீர்களா என்று கேட்டேன்.

காய்ந்த சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "பென்ஷன நிறுத்திருவாவ" என்றார். "என் பொண்டாட்டிக்கு சர்க்கர. மாத்திரைக்கு என்ன செய்ய?" எழுந்தேன்.

வாசல்வரை வந்தவர் கேட்டார்: "நீங்க என்ன பேசப்போறீய?"

நீங்கள் எழுதித் தந்த இரண்டாவது தாளை முதலில் படிக்கப்போகிறேன் என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். "மேடையிலயா? ஊரு முன்னாலயா?"

ஆம்.

"படிங்க. ஒரு வார்த்தை விடாமப் படிங்க. விட்டா எனக்குத் தெரியும்." கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அதுக்குப் பொறவு நான் என்னதப் படிக்கேன்."

சித்திரை 5, புதன்

காவல் நிலையம். ஆய்வாளர் இளையவர்; மரியாதைக்கு நாற்காலி போட்டார்.

"பெர்மிஷன் குடுக்கலாம் ஐயா. ஆனா என்ன பேசப்போறீங்கன்னு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். புது நடைமுறை."

நான் வாழ்நாளில் ஒரு பேச்சையும் எழுதிப் பேசியதில்லை என்றேன்.

"இனிமே பழகிக்குங்க."

எழுதாத ஒன்றைப் பேசிவிட்டால்?

"மாணிக்கத்துக்கும் அங்க பேச்சுத்துணை வேணும்லா" என்றார். அருகிலிருந்த காவலர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வெளியே வந்தபின் மிதிவண்டிப் பூட்டைத் திறக்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. பூட்டு பழையது.

இல்லை. அச்சம்தான். எழுதிவைக்கிறேன்.

ஊரிலுள்ள மற்ற மூன்று ஒலிபெருக்கிக் கடைகளிலும் கருவி இல்லை என்றார்கள். மூன்று கடையிலும் கருவிகள் கண்ணெதிரே அடுக்கியிருந்தன. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

சித்திரை 9, ஞாயிறு

செண்பகம் வேட்டிக்குக் கஞ்சி போட்டு உலர்த்திவிட்டாள். பாலமடைத் தெருவுக்குக் காலையிலேயே தானே போய் வீடு வீடாகச் சொல்லிவிட்டும் வந்தாள். மாலை ஐந்து மணிக்கு, அதே நாற்சந்தி. காவல் நிலையத்துக்கு ஒரு படி எழுதிக் கொடுத்தாயிற்று. மற்றொரு படி இது. எழுதியதை மட்டுமே பேசுவேன். எழுதியதில் ஒரு சொல்லையும் விடமாட்டேன்.

பொதிகுளத்துப் பெருமக்களே, தாய்மார்களே, தோழர்களே,

இன்று ஒலிபெருக்கி இல்லை. அதைக் கட்டுகிறவன் சிறையில் இருக்கிறான். ஆகவே நெருங்கி உட்காருங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வாருங்கள். நான் கத்தப்போவதில்லை.

முதலில் ஒரு தாளைப் படிக்கிறேன். மூன்றாண்டுக்கு முன் இதே இடத்தில் ஒருவர் பேசியது. "வழக்குமன்றம் எதற்கு? தவணைமேல் தவணை எதற்கு? இந்தக் கயவர்களுக்கு வழக்கறிஞர் எதற்கு? மாவட்ட ஆட்சியரே, உங்கள் ஒரு கையெழுத்துப் போதும். உள்ளே தள்ளுங்கள், ஓராண்டு கதவைத் திறவாதீர்கள்." பேசியவன் நான். தட்டியவர்கள் நீங்கள்.

நாம் கேட்டது கிடைத்தது. அந்தக் கையெழுத்து முதலில் சுடலைக்கண்ணு என்பவரைத் தேடிப் போயிற்று. குற்றமற்ற அவர் பதினொரு மாதம் சிறையில் கிடந்தார். நான் அவருக்காக ஒரு வாக்கியமும் பேசவில்லை. அவர் எங்கிருந்தாலும், இந்த ஊரின் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு அதே கையெழுத்து வேப்பமரத்தடிக்கு வந்தது, மாணிக்கத்தைக் கொண்டுபோயிற்று. அவன் செய்த குற்றம், தாகத்தில் இருந்த பெண்களின் குரலை நகராட்சியின் சன்னல்வரை எட்டச் செய்தது.

தலைநகரில் ஒரு நீதிபதி என்னைக் கேட்டார்: சட்டமே கூடாதா, மாணிக்கத்துக்கு மட்டும் கூடாதா? அன்று நான் கோழையாக நின்றேன். இன்று விடை சொல்கிறேன். எவருக்கும் கூடாது. மாணிக்கத்துக்கும் கூடாது, பாத்திரக்கடைக்காரரைக் கொன்றவனுக்கும் கூடாது. கொன்றவனை நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், சான்று காட்டுங்கள், தண்டியுங்கள். சான்று கேட்காத அதிகாரம் நல்லவர் கையில் இருந்தாலும் அதை நம்பாதீர்கள். நாற்காலியில் நாளை யார் அமர்வார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அமர்கிறவரின் அச்சமோ சினமோ உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது, எங்களுக்கு இது பொருந்தாது என்று சொல்ல உங்களுக்கு ஓர் இடமும் இராது.

நான் முடித்துவிட்டேன். இனி ஓய்வுபெற்ற சுருக்கெழுத்துக் காவலர் இசக்கியப்பன் தம் தாளைப் படிப்பார். நான் இழப்பதைக் காட்டிலும் அவர் இழக்கக்கூடியது பெரிது. அவர் ஓய்வூதியம் நின்றால், அந்த வீட்டு மருந்துக்கு இந்த ஊர் பொறுப்பு; முதல் பொறுப்பு நான்.

அதன்பின் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இதோ மேசை. இதோ வழக்கறிஞர். இதோ தாள், பேனா. அன்று வேப்பமரத்தடியில் நாற்பத்து மூன்று பேர் இருந்தீர்கள். என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். அஞ்சுகிறீர்கள், நானும் அஞ்சுகிறேன். ஒருவர் எழுதினால் அவரைப் பிடித்துவிடுவார்கள். நாற்பத்து மூன்று பேரும் எழுதினால் அத்தனை பேரையும் கொண்டுபோக அவர்களிடம் வண்டி இல்லை.

நாளை என்று சொல்லாதீர்கள். நீதிமன்றம் மூடப்போகிறது, ரோசம்மாளுக்கு நாள் நெருங்குகிறது. அன்று நான் பேசியதற்குக் கைதட்டினீர்கள். இன்று கைதட்ட வேண்டாம். அந்தக் கைகளை மடியிலிருந்து எடுங்கள். எழுந்து வரிசையில் வாருங்கள். அன்று குடங்களை வைத்தீர்களே, அதே வரிசையில். வந்து கையெழுத்திடுங்கள். இப்போதே.